தடம் அறிந்தோர்



'சபாரி' என்னும் சொல் இன்று நம் நாட்டிலும் பெருவழக்காகிவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அது. முதலில், தந்தம் முதலிய பொருள்களைச் சுமந்து வணிகர் கூட்டம் காட்டு வழியே நடந்த நெடும்பயணத்தைக் குறித்தது. பின்னர் ஐரோப்பியரின் வேட்டைப் பயணத்தைக் குறித்தது. இந்நாளில் விலங்குகளைக் கண்டு மகிழும் பயணத்தைக் குறிக்கிறது. வணிகம், வேட்டை, காட்சி எனப் பொருள் மாறி வந்தது. மாறாதிருந்தவர் ஒருவரே; முன்னே நடந்து வழிகாட்டிய உள்ளூர்வாசியே அவர். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மறந்துவிட்ட அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

1909ஆம் ஆண்டு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியினின்று நீங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், தம் மகன் கெர்மிட்டுடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். இருவரும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 500க்கும் மேற்பட்டவை. சுமை சுமந்தோரும் தடம் தேடியோரும் ஒரு சிறு படையளவு இருந்தனர். ரூஸ்வெல்ட்டின் பெயரை உலகம் அறியும். புல்லின் மடிப்பைக் கண்டு, 'சிங்கம் இவ்வழியே சென்றது' என்று கூறியவரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

இந்நிலையில் ஒரு மாறுதல் 1950ஆம் ஆண்டு தோன்றியது. அக்காலத்து வட ரொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், லுவாங்வா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நார்மன் கார் என்னும் வனவிலங்கு அதிகாரி பணியாற்றினார். ந்செஃபு என்னும் குலத்தலைவரைக் கண்டு, அம்மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கென ஒதுக்குமாறும், காண வருவோர் செலுத்தும் கட்டணத்தை அம்மக்களுக்கே அளிக்கலாம் என்றும் கூறி இசைவு பெற்றார். உயிரோடிருக்கும் விலங்கு ஊருக்குச் சோறிடும் என்பது அங்கே மெய்யாயிற்று. சிறு குழுவாக, காலால் நடந்து காட்டைக் காணும் வழக்கமும் அப்பள்ளத்தாக்கிலே வேரூன்றியது.

குழு சிறிதாக இருப்பது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். வழிகாட்டி கையை உயர்த்தினால் அக்கணமே அனைவரும் நிற்றல் வேண்டும். காற்று எத்திசையினின்று வீசுகிறது என அறிந்து, விலங்குக்கு மனித வாடை எட்டாதவாறு நடத்தல் வேண்டும். சாணத்தின் ஈரம், ஒடிந்த கிளை, பறவையின் எச்சரிக்கைக் குரல் ஆகியவற்றை வழிகாட்டி படித்துக்கொண்டே செல்கிறார். இருபது பேர் பேசிக்கொண்டு பின்தொடர்ந்தால் அப்படிப்பு நடவாது.

இத்தகையோர் நம்மிடையே இல்லையா? 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த எங்கள் திருவள்ளூர்ப் பகுதியில் இருளர் குடியினர் வாழ்கின்றனர். வளையின் வாயில் மண் வழவழப்பாக இருப்பதையும், உரித்த சட்டையையும் கண்டு, உள்ளிருப்பது எந்தப் பாம்பு எனக் கூறும் திறம் அவர்களுடையது. ஒரு காலத்தில் அத்திறம் பாம்புத்தோல் வணிகத்துக்குப் பயன்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. சட்டம் பாம்பைக் காத்தது. பாம்பு பிடித்தவரின் அடுப்போ அணைந்தது.

அந்நெருக்கடிக்கு விடையாக 1978இல், ரோமுலஸ் விட்டேகரின் ஊக்கத்தால், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தினர் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சினின்றே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. கொன்று பிழைத்த கலை உயிர்காக்கும் கலையாயிற்று. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிய மலைப்பாம்புகளைத் தேடி, இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்துத் தந்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் அறிந்தோரின் பெயர் இம்முறை ஏட்டில் ஏறியது.

பெரியாறு புலிகள் காப்பகத்தின் கதையும் இத்தகையதே. தமிழக எல்லையை ஒட்டிய அக்காட்டில் மரப்பட்டை திருடியும் வேட்டையாடியும் வாழ்ந்தோர் சிலருடன் வனத்துறை 1990களின் பிற்பகுதியில் உடன்படிக்கை செய்துகொண்டது. அவர்கள் சிறு குழுக்களாக வரும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாயினர். இரவில் காட்டுக்குக் காவலராயினர். கள்ளர் செல்லும் வழியை அவரினும் நன்கறிந்தவர் யார்?

நாற்பதாண்டுக் காலம் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். என் வகுப்பில் இருளர் வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே அமர்ந்திருந்தனர். ஆண்டின் இடையிலேயே அவர்களிற் பலர் பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்றுவிடுவர். அவர்களுடைய இடம் வெறுமையாகும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் 1976ஆம் ஆண்டுச் சட்டமே. எனினும் அதன் பின்னரும் எங்கள் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டதுண்டு. சூளையில் வளரும் பிள்ளை எழுத்தையும் கற்பதில்லை. தந்தை அறிந்த தடத்தையும் கற்பதில்லை. இரண்டு கல்வியும் ஒருங்கே அழிகின்றன. இது ஒரு குலத்தின் இழப்பு மட்டுமன்று. பாம்பு தீண்டிய உழவனுக்கு மருந்து வேண்டுமெனில், நாட்டின் இழப்புமாகும்.

மாணவர்களே! கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் பழவேற்காட்டு ஏரி. தமிழகத்தில் உள்ள அதன் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் அங்கே திரளாக நிற்கும். அவற்றைக் காணச் செல்லுங்கள், நாலைந்து பேராகச் செல்லுங்கள், உரக்கப் பேசாதீர்கள். நீரின் ஆழத்தையும் பறவையின் போக்கையும் அறிந்த உள்ளூர் மீனவரின் சொற்படி நடங்கள். திரும்பி வந்து குறிப்பு எழுதும்போது, எத்தனை பறவைகளைக் கண்டீர்கள் என்பதற்கு முன்னதாக, அவற்றை உங்களுக்குக் காட்டியவரின் பெயரை எழுதுங்கள்.