கடல் தாண்டும் காசுக்கு வட்டம்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். அதில் பத்து வீட்டுப் பிள்ளைகளாவது வெளிநாட்டில்தான். வருஷா வருஷம் யாராவது ஒரு தம்பதி டல்லாஸுக்கோ மெல்போர்னுக்கோ பெட்டி கட்டுவார்கள். புறப்படுவதற்கு முன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து ஒரு கேள்வி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "சார், நம்ம ஏ.டி.எம். கார்டு அங்கே வேலை செய்யுமா? எவ்வளவு பிடிப்பான்?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2019இல் பாரிஸ் போனபோது 2,077 ரூபாயை இயந்திரத்திடம் கோட்டை விட்டுவிட்டு வந்து, அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தவன் நான்.

நடந்தது இதுதான். லா ஷப்பெல் பக்கம், நம் ஈழத்துச் சகோதரர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அங்கே சுவரில் பதித்திருந்த ஓர் இயந்திரத்தில் 200 யூரோ எடுக்கப் போனேன். கூட வந்த மருமகன் "நான் எடுத்துத் தரேன் மாமா" என்றார். நான் கேட்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்குப் பிரெஞ்சு இயந்திரத்தைப் படிக்க இன்னொருவர் துணையா? திரையில் ரூபாய்க் கணக்கைக் காட்டி, கீழே இரண்டு பொத்தான்கள்: 'ஆவெக் கொன்வெர்சியோன்', 'சான் கொன்வெர்சியோன்'. அதாவது மாற்றத்தோடு, மாற்றமின்றி. ரூபாயை யூரோவாக மாற்றாமல் எப்படி யூரோ வரும் என்று நினைத்து, 'ஆவெக்' என்பதை அழுத்தினேன். மொழி தெரிந்தது, சூது தெரியவில்லை.

ஊருக்கு வந்து பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தேன். அன்றைய விலை யூரோவுக்குச் சுமார் 78 ரூபாய். 200 யூரோவுக்கு 15,600 போயிருக்க வேண்டும். போனது 17,500. அதற்குக் கீழே இன்னொரு வரி: வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கு 150, அதற்கு ஜி.எஸ்.டி. 27. மொத்தத்தில் நூற்றுக்கு 13 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

ஆயுசு முழுக்க அரசாங்கக் கணக்கு எழுதியவனுக்கு இது பொறுக்குமா? பணம் கடலைத் தாண்டும்போது யார் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று பழைய கதைகளைக் கிளற ஆரம்பித்தேன்.

இதற்கு நம்மிடம் அருமையான ஒரு பழஞ்சொல் இருக்கிறது: வட்டம். வட்டி வேறு, வட்டம் வேறு. ஒரு நாணயத்தை இன்னொரு நாணயமாக மாற்றித் தரும்போது சராப்புக் கடைக்காரர் கழித்துக்கொள்வதுதான் வட்டம். வராகன், பணம், ஆற்காட்டு ரூபாய் எல்லாம் ஒரே சந்தையில் புழங்கிய காலத்தில், வட்டம் கேட்காமல் யாரும் மடியை அவிழ்க்க மாட்டார்கள். எங்கள் புதுச்சேரியிலேயே 1736இல் கவர்னர் துய்மா ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கித்தான் ரூபாய் அடித்தார். பிறகு 1875இல் பாரிஸில் ஏற்பட்ட பாங்க் து லாந்தோஷின், இரண்டே வருஷத்தில் புதுச்சேரியில் கிளை திறந்தது. இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளுக்கு ரூபாய் நோட்டும் அதுவே வெளியிட்டது.

ஆனால் கடல் தாண்டிப் பணம் அனுப்பும் கலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு ஈடு கிடையாது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் பணத்தைக் கட்டினால் ஓர் உண்டியல் எழுதித் தருவார்கள். அந்தக் காகிதம் காரைக்குடிக்கோ சென்னைக்கோ வந்து சேர்ந்ததும், இங்குள்ள கடையில் பணம். காட்டியதுமே கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் வரை காத்திருக்க வேண்டியது தவணை உண்டியல். நாணயம் கப்பலேறவே இல்லை. அங்கே ஒரு பேரேட்டில் வரவு, இங்கே ஒரு பேரேட்டில் பற்று. இன்றைக்கு இயந்திரத்தின் வயிற்றுக்குள் நடப்பதும் இதேதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனிலும் மதராஸிலும் ஒரே ரூபாய்தான். மாற்ற வேண்டிய நாணயமே இல்லாதபோதும் உண்டியலுக்கு விலை இருந்தது. பணம் எங்கே தேவையோ அந்தப் பக்கம் அதன் விலை ஏறும். நெல் அறுவடைக் காலத்தில் பர்மாவில் ரொக்கம் வேண்டும், மற்ற மாதங்களில் அவ்வளவு வேண்டாம். ஆனால் அந்த விலையை முதலிலேயே வாயால் சொன்னார்கள். கட்டுபடியானால் அனுப்பலாம், இல்லாவிட்டால் அடுத்த கடை. நடப்பு வட்டியைக்கூட மாதாமாதம் மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள். அந்த வழக்கத்தை வங்கியாக்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. இன்று நாம் வாயில் நுழைய 'ஐ.ஓ.பி.' என்று சுருக்கிச் சொல்வதில், ஓவர்சீஸ் என்ற சொல்லின் காரணமே மறந்துபோய்விட்டது.

எங்கள் பக்கத்து ஆட்கள் போனது சைகோனுக்கு. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு அங்கே குமாஸ்தா, போலீஸ், வரி வசூல் என்று உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் பியாஸ்த்ர் என்ற நாணயத்தில். 1945 டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு பியாஸ்த்ருக்கு 17 பிராங்க் என்று விலை வைத்தது. சைகோன் கடைத்தெருவில் அது பாதி விலைகூடப் பெறுமா என்பதே சந்தேகம். ஆகவே அங்கிருந்து அதிகார பூர்வமாகப் பிரான்சுக்குப் பணம் மாற்ற அனுமதி வாங்கியவனுக்கு வட்டம் பிடிப்பதற்குப் பதிலாக வட்டம் கூட்டிக் கொடுத்தார்கள்! கூடுதலைச் சுமந்தது பாரிஸ் கஜானா. பெரிய மனிதர்கள் பலர் இதில் கொழுத்தார்கள். விவகாரம் வெளியே வந்து நாறியதும், 1953 மே 11ஆம் தேதி 17 என்பதை ஒரேயடியாக 10 ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் உறவில் ஒருவர், அம்மா வழியில் தாத்தா முறை, சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் வங்கித் தரகு போகுமே என்று, ஓய்வு பெறும்போது மொத்தமாக அனுப்பலாம் எனச் சேர்த்து வைத்திருந்தார். மே மாதத்து அந்த ஒரு நாளில் பத்தில் நான்கு பங்கு மறைந்துபோனது. ஊரில் கட்ட நினைத்த வீடு மாடியில்லாமல் நின்றது. அந்த வீட்டுத் திண்ணையில்தான் இந்தக் கதையை அம்மா எனக்குச் சொன்னார். தரகை மிச்சம் பிடிக்கப் போய் முதலை இழந்தவர் என்று அவரை யாரும் குறை சொல்லவில்லை. அவர் முன்னால் யாரும் பியாஸ்த்ர் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் கஷ்டம் வேறு மாதிரி. வட்டத்தைப் பற்றிக் கவலைப்பட மாற்றவே விட மாட்டார்கள். அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படி. வெளிநாடு போகிறவருக்கு அன்றாடச் செலவுக்கென்று எட்டு டாலர்தான். உடன் வேலை பார்த்தவரின் தம்பியை அமெரிக்காவுக்கு வழியனுப்ப மீனம்பாக்கம் போனோம். படித்து முதல் வகுப்பில் தேறிய பையன் சட்டைப் பையை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அந்த எட்டு டாலர். இன்று ஒருவர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்று சொன்னால், அன்று அந்த அண்ணன் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பார்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். 1967 ஜூன் 27ஆம் தேதி லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் முதல் பணம் தரும் இயந்திரம் வந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்க ரகசிய எண் வைக்க நினைத்தாராம். தன்னால் நாலுதான் ஞாபகம் வைக்க முடியும் என்று மனைவி சொன்னதால் நாலாக்கினாராம். நம் வயதுக்காரர்கள் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தியாவுக்கு அந்த இயந்திரம் வர 1987 ஆனது, அதுவும் பம்பாயில்.

வெளிநாட்டில் அட்டையைச் செருகும்போது நாலு இடத்தில் வட்டம் கழிகிறது. இயந்திரத்தின் சொந்தக்காரர் வாடகை கேட்கலாம். சில நாடுகளில் உண்டு, சில இடங்களில் இல்லை. நம் வங்கி ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிலையான தொகை பிடிக்கும். நாணய மாற்றத்துக்கென்று நூற்றுக்கு மூன்று, மூன்றரை என்று தனியாகப் பிடிக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. நாலாவதுதான் நான் விழுந்த குழி: ரூபாயிலேயே கணக்குச் செய்யட்டுமா என்று இயந்திரம் தேனொழுகக் கேட்பது. சரி என்றால், விலையை இயந்திரக்காரர் இஷ்டத்துக்கு வைப்பார். வேண்டாம் என்றால், அட்டை நிறுவனத்தின் விலையில் நம் வங்கி கணக்குப் போடும். நான் சரியான பொத்தானை அழுத்தியிருந்தாலும் என் வங்கிக் கணக்குப்படி 800 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். முழுக்கத் தப்ப வழியில்லை. ஆனால் 800 எங்கே, 2,077 எங்கே.

ஆகவே நான் சொல்வது: புறப்படுமுன் வங்கிக்குப் போய், அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். 2020 முதல் அது தானாகத் திறப்பதில்லை, நாமே கேட்க வேண்டும். இருபது இருபதாக ஐந்து தடவை எடுக்காதீர்கள், நிலையான கட்டணம் ஐந்து தடவை விழும். வங்கிக் கட்டடத்தின் சுவரில் உள்ள இயந்திரம் உத்தமம். கடைகளில் இங்கேயே வாங்கிய அந்நியச் செலாவணி அட்டையைத் தேய்த்தால் இந்த மூன்றரை கிடையாது, ஆனால் அதை வாங்கும்போதே விலையில் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் மொரீஷியஸிலும் நம் யு.பி.ஐ. செல்கிறது, பாரிஸில் ஈஃபில் கோபுரச் சீட்டுக்கும் செல்கிறது. ரூபாய்க் கணக்கை முதலிலேயே காட்டிவிடுகிறது. மொகல் தெருவைப் போல.

போன மாதம் எதிர்வீட்டு அம்மாள் மெல்போர்ன் புறப்பட்டார். கணவர் போன பிறகு தனியாகப் போகும் முதல் பயணம். தினக் காலண்டர் தாளின் பின்புறத்தில், தமிழ் எழுத்திலேயே 'டிக்ளைன் கன்வர்ஷன்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

"டிக்ளைன்னா வேண்டாம்னுதானே சார்? அப்புறம் பணம் எப்படி வரும்?"

"வரும்மா. வேண்டாம்னு சொல்றது ரூபாயைத்தான், பணத்தை இல்லை."

அரைமனதோடு தாளை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "சார், நீங்க சொன்னதையே அமுக்கினேன், பணம் வந்துடுச்சு. ஆனா மிஷின் தனியா மூணு டாலர் பிடிச்சிருக்கு. அது உங்க கணக்குல எந்த வட்டம்?"