போனபார்ட்டின் பின்வாங்கல்

‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டிலும் தென்மாநிலங்களிலும் செவிவழியாக வாழ்ந்துவந்த பிடில் மெட்டு. இயற்றியவர் யாரெனத் தெரியாது. தலைப்பில் நெப்போலியன் இருப்பதால் அவரது தோல்வியிலேயே இதன் பிறப்பைத் தேடுவோர் பலர். ஆனால் ‘ஈகிள்ஸ் விசில்’ என்னும் பழைய ஐரிஷ் மெட்டோடு இதற்குள்ள உறவை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இன்று உலகம் அறிந்த வடிவத்தை விளக்க இந்த இரண்டு தொடக்கங்களுமே போதா. அவ்வடிவம் கென்டக்கியைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்ற ஒரு தனி மனிதரின் கைவண்ணம்.

1937இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக, நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், ஸ்டெப்பின் வாசிப்பைக் கென்டக்கியின் சேலியர்ஸ்வில்லில் பதிவு செய்தார். மற்றவர்கள் பெரும்பாலும் நிதானமான அணிவகுப்பு நடையில் வாசித்த மெட்டை ஸ்டெப் துள்ளும் ஆட்ட நடைக்கு மாற்றினார். பிடிலின் முதல் தந்தியையும் கடைசித் தந்தியையும் இறக்கிச் சுருதி கூட்டியதால் மெட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் இடைவிடாமல் ஒலித்தது. இந்தப் பதிவைக் கேட்டு ரூத் கிராஃபோர்ட் சீகர் எழுதிய சுரக்குறிப்பு 1941இல் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ நூலில் வெளிவந்தது. மறு ஆண்டே இசையமைப்பாளர் ஆரன் காப்லண்ட் தமது ‘ரோடியோ’ பாலேயின் ‘ஹோ-டவுன்’ பகுதியில் அதை ஏறத்தாழ அப்படியே எடுத்தாண்டார். நெடுநாள் புழங்கிய மெட்டின் பொதுச்சாயலை மட்டும் அவர் எடுத்திருந்தால் மெதுவான அணிவகுப்பே கிடைத்திருக்கும். ஸ்டெப்பின் வேகமும் திருப்பங்களும் அங்கே அப்படியே இருப்பதுதான் என் முதன்மையான சான்று.

நாட்டார் மெட்டு ஊர்ச்சொத்து, அதில் ஒருவருக்குத் தனி உரிமை ஏது என்று கேட்கலாம். மெட்டு பொதுவானதுதான்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பலர் கையில் இருந்ததை இவர் ஒருவரே இப்படி மாற்றியிருக்கும்போது, அந்த மாற்றத்தையும் பொதுக்கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. பெரும் வாத்தியக் குழுவுக்கு ஏற்ப விரித்தமைத்த காப்லண்டுக்கே புகழ் உரியது என்பாரும் உண்டு. அந்தப் பிரம்மாண்டம் அவருடையது என்பது உண்மை. எனினும் ஸ்டெப்பின் பதிவையும் ‘ஹோ-டவுன்’ இசையையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஆட்டத்தின் உயிர் ஒற்றைப் பிடிலிலேயே முழுமையாக இருப்பதை உணர்வார். 1970களில் எமர்சன், லேக் அண்ட் பாமர் ராக் குழு வாசித்ததும், பின்னர் மாட்டிறைச்சி விளம்பரத்தின் வழியே அமெரிக்க வீடுகளில் ஒலித்ததும் ஸ்டெப்பின் அந்த நடைதான். அவருடைய பதிவு 2016இல் அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அவர் பெயரிலேயே இடம்பெற்றது.