யூலை 14: ஒரு தேசிய தினத்தின் வர்க்க வரலாறு

ஒரு நாட்டின் தேசிய தினம் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவானதென்றே வழக்கமாகக் கருதப்படுகிறது. ஆயினும், அத்தினம் எந்த நிகழ்ச்சியை நினைவுகூருகிறது, அதனை யார், எச்சூழலில் தெரிந்தெடுத்தனர் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து அப்பொதுமை ஆட்டங்காணத் தொடங்குகிறது. பிரான்சின் தேசிய தினமான யூலை 14 இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1789 யூலை 14இல் பஸ்தீல் கோட்டையைத் தாக்கியோருட் பெரும்பாலோர் பரிஸ் நகரின் தச்சர், பூட்டுச் செய்வோர், சப்பாத்துத் தைப்போர் முதலிய கைவினைஞரும் சிறு வணிகருமாவர். பாண் விலை உச்சத்தை எட்டியிருந்த நாட்கள் அவை. கோட்டைச் சிறையில் அன்றிருந்தோர் எழுவரே. மக்கள் முதலில் நாடிச் சென்றது கைதிகளையன்று. அங்கு சேமிக்கப்பட்டிருந்த வெடிமருந்தையே. தாக்கியோருள் ஏறத்தாழ நூறுபேர் மாண்டனர்.

ஓராண்டின் பின், 1790 யூலை 14இல், ஷாம் த மார்ஸ் திடலில் தேசிய ஒற்றுமையைப் பறைசாற்றும் பெருவிழா நடைபெற்றது. மன்னன் பதினாறாம் லூயி அரசியலமைப்பைப் பேணுவதாகச் சத்தியம் செய்தான். ஆனால், குறித்தளவு வரி செலுத்தாதோருக்கு வாக்குரிமை அதற்கு முன்னரே மறுக்கப்பட்டிருந்தது. 1791 யூலை 17இல், மன்னனுக்கெதிரான மனுவில் ஒப்பமிட அதே திடலிற் கூடிய மக்கள்மீது லஃபாயத்தின் தலைமையிலான தேசியக் காவற்படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது.

மூன்றாவது குடியரசின் 1880 யூலை 6ஆம் திகதிச் சட்டமே யூலை 14ஐத் தேசிய விழாத் தினமாக்கியது. எந்த ஆண்டின் யூலை 14 என்பதை அது கூறவில்லை. 1789இன் இரத்தக்கறையைச் சுட்டித் தயங்கியோருக்கு, செனற் சபையில் வரலாற்றாசிரியர் ஹென்றி மார்ட்டின் 1790ஐ நினைவூட்டினார். சட்டத்தின் இம்மௌனம் அன்றைய சூழலுக்குப் பொருத்தமானதே. பரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டு ஒன்பதாண்டுகளே கழிந்திருந்தன. கம்யூன் போராளிகளுக்கான பொதுமன்னிப்பும் அதே யூலை மாதத்திலேயே வழங்கப்பட்டது. உழைப்போர் 1789ஐயும் உடைமையோர் 1790ஐயும் ஒரே திகதியிற் கொண்டாட வழிசெய்தது பூர்ஷ்வாக் குடியரசு. முதல் விழாவின் மையமாக அமைந்ததோ, லோங்ஷான் திடலிற் படைப்பிரிவுகளுக்குக் கொடிகள் வழங்கிய இராணுவ வைபவமாகும்.

எனினும், மக்கள் இத்தினத்தைக் கைவிட்டுவிடவில்லை. 1935 யூலை 14இல், பாசிசத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் முற்போக்குக் குடியரசுவாதிகளும் ஒன்றாக ஊர்வலஞ் சென்றனர்; மக்கள் முன்னணிக்கு அது வழிவகுத்தது. 1953 யூலை 14இல், இடதுசாரிகளின் ஊர்வலத்தில் விடுதலைக் கோரிக்கையுடன் அணிவகுத்த அல்ஜீரியத் தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். ஆறு அல்ஜீரியரும் ஒரு பிரெஞ்சுத் தொழிற்சங்கவாதியும் உயிரிழந்தனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் முழக்கத்தின் குடியேற்றவாத எல்லையை இந்நிகழ்ச்சி புலப்படுத்தியது.

ஆகவே, தேசிய தினத்தை வெறும் ஆளும் வர்க்கச் சடங்கெனத் தள்ளிவிடுதலும், அனைவருக்கும் பொதுவான விழாவென ஏற்றுக்கொள்ளுதலும் ஒருசேரத் தவறாகும். திகதியை நிர்ணயித்தது அரசு. அதன் பொருளை நிர்ணயிப்பதற்கான போராட்டமோ வீதியில் தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது.