சுமைதாங்கி: சில குறிப்புகள்

விருந்தோம்பலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் சுமைதாங்கியைப் பற்றிப் பேசுவதில்லை. பேச அதில் அதிகம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். நட்டுவைத்த இரண்டு கற்கள், அவற்றின்மேல் படுக்கவைத்த ஒரு கல். அவ்வளவுதான். பலவற்றில் எழுத்துகூடக் கிடையாது. பாங்க்கில் பற்றும் வரவும் எழுதிப் பிழைக்கிறவன் நான். கொடுத்தவர், பெற்றவர் என்ற இரண்டு பத்தியிலும் பெயரில்லாத பரிவர்த்தனையை என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

அதன் உபயோகத்தை இன்று விளக்கத்தான் வேண்டியிருக்கிறது. தலைச்சுமையோடு பல மைல் நடந்துவிடுகிறவனால் அதைத் தனியாக இறக்கிவைக்க முடியாது. இறக்கினாலும் மறுபடி தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் களைப்பைவிட இதுதான் பெரிய கஷ்டம். படுக்கைக் கல் ஏறக்குறையத் தோள் உயரத்தில் இருக்கும். குனியாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, சும்மாட்டை உதறி, மூச்சு வாங்கி, பிறகு தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். கல் சுமையைக் குறைப்பதில்லை. கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கற்களில் பல, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்டவை. இறக்காமலே போன சுமை அவளை வருத்திக்கொண்டிருக்கும். வழிப்போக்கர்களின் சுமை கல்லில் இறங்க இறங்க அவள் பாரம் தீரும் என்பது நம்பிக்கை. கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். ஆலுவாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊரே அந்தப் பெயரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மடம், கிணறு, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து வைத்தார்கள்.

ஆக, இதன் ஆரம்பம் கருணை என்று சொல்வதற்கில்லை. துக்கம், அதற்கடியில் கொஞ்சம் பயம். செத்தவள் திரும்பி வந்து வீட்டை அலைக்கழிக்கக் கூடாதே என்ற பயம். ஆனால் அந்தப் பயத்துக்குப் பரிகாரமாக அவர்கள் தேர்ந்துகொண்டது, தாங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒருவனின் கழுத்துவலி. இந்தத் தேர்வுதான் என்னை யோசிக்கவைக்கிறது.

இதற்கு எதிர்க்கோடியில் ராஜாவின் தர்மம் இருக்கிறது. 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை ராஜ்யம் கும்பினியிடம் போய்விட்டது. 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களாவது தன் நிர்வாகத்தில் இருக்கவேண்டும் என்ற மன்றாட்டு அதில் இருந்தது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அங்கே சோறு என்கிறார். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுப் போடுவார்கள் என்கிறார். அந்த மணி உயர்வான விஷயம், சந்தேகமில்லை. அதே கடிதத்தில், சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசி தனி. வழியில் இறந்தவனுக்கு அவனவன் ஜாதிப்படி சடங்கு. முகத்தைப் பார்த்துச் செய்யும் தர்மம், அது யார் முகம் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

கல் கேட்பதில்லை. இதை அதன் பெருமையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு சந்தேகம். ‘கொஞ்சம் கை கொடுங்க’ என்று எவரையும் கேட்டுவிட முடியாத சமூகம் இது. தண்ணீரைக்கூட எட்ட நின்று கையில் ஊற்றிய சமூகம். இங்கே கை செய்யவேண்டியதைக் கல்லைக்கொண்டு செய்வது சௌகரியமாகவும் இருந்திருக்கும். நம் மிகச் சுத்தமான தர்மத்துக்கு மனிதன் எதிரில் இருக்கக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்ததோ என்னவோ.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு லாரி. தலைச்சுமைப் பாதைகள் சாலைகளாயின. 1962இல் ஸ்ரீதர் ‘சுமைதாங்கி’ என்று படம் எடுத்தபோது, சொல் கல்லைவிட்டு இறங்கி, குடும்பத்துக்காகத் தன்னை இழக்கும் மனிதன்மேல் ஏறிக்கொண்டாயிற்று. கல்லுக்கு இது அநியாயம். கல் எதையும் தியாகம் செய்யவில்லை.

என் தாத்தாவின் தங்கை 1941இல் ஏழாம் மாதத்தில் இறந்துபோனாள். சந்தைக்குப் போகும் பாதையில் அவளுக்குக் கல் நட்டார்கள். அப்பா அதை ‘அத்தை கல்’ என்பார். அத்தையின் பெயர் அவருக்குத் தெரியாது. வீட்டில் அவளைப் பற்றிப் பேசமாட்டார்கள். கல்லைப் பற்றிப் பேசுவார்கள்.

போன வருஷம் அதைத் தேடிப் போனேன். பாதை இப்போது தார்ச்சாலை. சாலையை அகலப்படுத்தியபோது கால்கற்கள் போய்விட்டன. படுக்கைக் கல் மட்டும் ஒரு டீக்கடை முன்னால், செங்கல் அடுக்கின்மேல், பெஞ்சாகக் கிடந்தது. உட்கார்ந்து கீழ்ப்புறம் தடவினேன். வெட்டெழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டது. என்ன எழுத்தென்று தெரியவில்லை. புரட்டிப் பார்க்கலாமா என்று கடைக்காரரைக் கேட்க வாய் வரவில்லை.

அப்போது கீரைக் கூடையோடு ஒரு கிழவி வந்தாள். கூடையைச் சிரமப்பட்டு அந்தக் கல்லில் இறக்கி, டீ குடித்தாள். கிளம்பும்போது சுற்றிலும் பார்த்துவிட்டு, ‘தம்பி, ஒரு கை புடிங்க’ என்றாள். பழைய உயரம் கல்லுக்கு இருந்திருந்தால் என்னைக் கேட்டிருக்க மாட்டாள். நான் யார், எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதிலிருந்து பெரிய முடிவு எதற்கும் வர நான் தயாராயில்லை. பக்கத்தில் வேறு ஆளில்லை என்பதுதான் காரணமாக இருக்கலாம்.

பிடித்துத் தூக்கிவிட்டேன். கூடை நான் நினைத்ததைவிட அதிகக் கனமாக இருந்தது.