லண்டனுக்கு நாயோடு சுற்றுலா: நூறு வருடத் தடை

1968-ஆம் வருடம். லண்டன் தேம்ஸ் நதியில், டவர் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சொகுசுப் படகு வந்து நங்கூரம் போட்டது. வாடகைக்கு எடுத்தவர்கள் நடிகை எலிசபெத் டெய்லரும் அவர் கணவர் ரிச்சர்ட் பர்ட்டனும். ஆனால் படகு அவர்களுக்காக அல்ல, அவர்களுடைய நாய்களுக்காக! எஜமானர்கள் ஊருக்குள் இருக்க, நாய்கள் நதியில் மிதந்துகொண்டிருந்தன. பத்திரிகைகள் அதற்கு 'மிதக்கும் நாய்க்கூடு' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தன.

பணக்காரர்களின் கிறுக்குத்தனம் என்று தோன்றும். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் பிரிட்டன் மண்ணில் கால் வைத்தால், அதை அரசு அனுமதி பெற்ற காப்பகத்தில் ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். செலவு முழுக்க உரிமையாளர் தலையில். நாய் படகிலேயே இருந்தால் மண்ணில் கால் வைக்கவில்லை என்று கணக்கு. சட்டத்தில் இருந்த அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் டெய்லரின் நாய்கள் லண்டனை 'சுற்றிப் பார்த்தன'. தண்ணீரில் இருந்தபடியே.

பாரிஸ், ரோம், வியன்னா என்று ஐரோப்பாவின் மற்ற பெருநகரங்களுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போவது சாதாரண விஷயமாக இருந்தது. லண்டன் மட்டும் கிட்டத்தட்ட நூறு வருடம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. நாய் என்றால் உயிரையே விடுகிற ஊர் என்று பெயர் வாங்கிய லண்டன் ஏன் இப்படிச் செய்தது?

எப்போதும் இப்படி இருக்கவில்லை. கவிஞர் எலிசபெத் பேரட் வைத்திருந்த ஃபிளஷ் என்ற ஸ்பேனியல் நாயின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும் (வர்ஜீனியா வுல்ஃப் 1933-ல் அதன் வாழ்க்கை வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார்). அந்தக் காலத்து லண்டனில் நாய் திருடுவது ஒரு தொழில். வசதியான வீட்டு நாயைப் பிடித்துப் போய், பணம் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். ஃபிளஷ் மூன்று முறை திருடு போனது. மூன்றாவது தடவை, 1846 செப்டம்பரில், வீட்டை விட்டே அதிகம் வெளியே வராத எலிசபெத், குதிரை வண்டியில் ஏறித் திருடர்கள் இருக்கும் பேட்டைக்கே போய்விட்டார். நாய் திரும்பி வந்தது. அதே மாதம் அவர் ராபர்ட் பிரௌனிங்கோடு யாருக்கும் தெரியாமல் இத்தாலிக்குப் புறப்பட்டார், ஃபிளஷ்ஷும் கூடவே போனது. எல்லையில் நாய்க்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. நாய்கள் ஆங்கிலக் கால்வாயை மூட்டை முடிச்சுகளைப் போல இஷ்டத்துக்குக் கடந்துகொண்டிருந்த காலம் அது.

கூடவே இன்னொன்றும் கடந்துகொண்டிருந்தது. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்.

இந்த நோயைப் பற்றித் தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. (அந்த ஊசி மருந்து 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. தென்னிந்தியாவுக்காகக் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது.) நோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர்கள் அநேகமாக யாருமில்லை. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவில் ஒரு நாய் வாயில் நுரையோடு ஓடினால் சந்தே காலியாகிவிடும். 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் தன் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டு வெற்றி கண்டார். அதன் பிறகு கடிபட்ட ஆங்கிலேயர்கள் கப்பல் ஏறி அவரிடம் ஓட ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரனிடம் போய் உயிர்ப்பிச்சை கேட்பது பிரிட்டனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிரிட்டன் வேறு வழியை எடுத்தது. மனிதனுக்கு ஊசி போடுவதைவிட, நாயின் வாயைக் கட்டுவது. தெருவில் வரும் எல்லா நாய்க்கும் வாய்க்கூடு மாட்ட வேண்டும், மாட்டாத நாயைப் போலீஸ் பிடித்துப் போகும் என்ற உத்தரவு 1880-களில் விட்டுவிட்டு அமலானது. 1890-களின் பிற்பகுதியில் விவசாயத் துறை அமைச்சராக இருந்த வால்டர் லாங் இதை விடாப்பிடியாக நடத்தினார். நாய்ப் பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். 1891-ல் தொடங்கிய தேசிய நாய்ப் பாதுகாப்பு லீக் இதைக் கொடுமை என்றது. அவர்கள் கோபத்தில் ஒரு நியாயமும் இருந்தது: வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் வாய்க்கூடு கட்டாயம், ஆனால் பிரபுக்களின் வேட்டை நாய்கள் வேட்டையில் இருக்கும்போது விதிவிலக்கு! ஏழையின் நாய் கடித்தால்தான் நோய் வரும் போலிருக்கிறது.

இருந்தாலும் வால்டர் லாங் அசரவில்லை. உள்ளூர் நாயின் வாயை மட்டும் கட்டிப் பிரயோஜனமில்லை, கப்பலில் வரும் நாயையும் நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. 1897-ல் நாய் இறக்குமதி உத்தரவு வந்தது. 1901-லிருந்து தனிமைக்காலம் ஆறு மாதம். ஏன் ஆறு மாதம்? கடித்த இடத்திலிருந்து ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக ஏறும். பெரும்பாலும் சில வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கு. ஆறு மாதம் அடைத்து வைத்தால் நோய் உள்ள நாய் எப்படியும் உள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை. 1902-ல் பிரிட்டனில் ரேபிஸ் ஒழிந்தது. தடுப்பூசி போடாமல், வெறும் வாய்க்கூட்டையும் கடலையும் வைத்தே! திட்டு வாங்கிய வால்டர் லாங் செய்தது பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு பெரிய சாதனை என்பதை மறுக்க முடியாது.

அந்தக் கதவு ஒரு தடவை உடைந்தது. முதல் உலகப் போர் முடிகிற சமயம், பிரான்ஸ் போர்முனையில் நாய்களோடு பழகிய சிப்பாய்கள் சிலர் அவற்றை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். குண்டு மழையில் கூட இருந்த நாயை விட்டுவர மனசு வருமா? ஆனால் விளைவு மோசம். 1918-ல் ரேபிஸ் திரும்ப வந்தது. மறுபடி ஒழிக்க 1922 வரை ஆனது. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு நோய் கண்டிருந்தது.

அடுத்த போரிலும் கடத்தல் நிற்கவில்லை. செக் விமானப்படை வீரர் ராபர்ட் போஸ்டெக் 1940-ல் தன் ஆல்சேஷன் நாய் ஆன்டிஸை அதிகாரிகள் கண்ணில் படாமல் பிரிட்டனுக்குள் கொண்டுவந்துவிட்டார். பிடிபட்டிருந்தால் நாய் கதி அதோகதி. பிடிபடவில்லை. விமானத்தில் அவரோடு குண்டு வீசப் போய்க் காயமும் பட்ட அந்த நாய்க்கு 1949-ல் டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். மிருகங்களின் விக்டோரியா கிராஸ் என்று சொல்லப்படுவது. கள்ளத்தனமாக நுழைந்தவருக்குக் கிடைத்த மரியாதை!

டெய்லரின் படகு வந்துபோன அடுத்த வருடம்தான் உண்மையான அதிர்ச்சி. 1969 அக்டோபரில், லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கேம்பர்லி என்ற ஊரில் ஒரு நாய்க்கு வெறி பிடித்து இரண்டு பேரைக் கடித்தது. ஜெர்மனியிலிருந்து வந்த நாய். முறைப்படி ஆறு மாதம் காப்பகத்தில் இருந்துவிட்டு, வெளியே வந்து சில நாட்களில் இப்படி. அடுத்த வருடம் நியூமார்க்கெட்டிலும் அதே போல ஒன்று. ஆறு மாதக் கணக்கே ஆட்டம் கண்டது. தனிமைக்காலத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒரு வருடமாக நீட்டினார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். 1974-ல் ரேபிஸ் சட்டம் வந்து, நாய் கடத்தினால் சிறைத் தண்டனை வரை போகலாம் என்றானது. துறைமுகங்களில் எல்லாம் பயமுறுத்தும் போஸ்டர்கள்.

யோசித்துப் பார்த்தால் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் நாய்களுக்கு நல்ல தடுப்பூசி வந்துவிட்டது. ஆனாலும் அதை நம்பாமல் கம்பிக் கதவையே நம்பினார்கள். இடைப்பட்ட வருடங்களில் அந்தக் கம்பிக் கதவுக்குள் எத்தனையோ நாய்கள் ஆறு மாதம் ஒரே கூண்டில் கிடந்தன. செலவு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். விடுமுறைக்கு லண்டன் வருகிற யாரும் பத்து நாள் சுற்றுலாவுக்காக நாயை ஆறு மாதம் சிறையில் போட மாட்டார்கள். அதனால் நாயோடு வருகிற சுற்றுலாப் பயணி என்ற இனமே லண்டனில் இல்லாமல் போனது. உள்ளூர்க்காரர்களுக்கும் அதே கதிதான். கண் தெரியாத ஒருவர் தன் வழிகாட்டி நாயோடு பாரிஸுக்குப் போனால், திரும்பி வரும்போது நாய் ஆறு மாதம் உள்ளே. அவர் இன்னொருவர் கையைப் பிடித்துத்தான் வீடு திரும்ப வேண்டும். இந்தச் சட்டத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

மாற்றம் வந்தது லண்டனிலிருந்து அல்ல, சுவிட்சர்லாந்துக் காடுகளிலிருந்து. ஐரோப்பாவில் ரேபிஸைச் சுமந்தது பெரும்பாலும் நரி. நரிக்கு யார் ஊசி போடுவது? 1978-ல் சுவிஸ் ஆட்கள் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரி தின்றது, தடுப்பு சக்தி வந்தது. (நம் ஊரில் கோழிக்கழிவை ரோட்டோரம் கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) மற்ற நாடுகளும் பின்பற்ற, 1990-களில் மேற்கு ஐரோப்பாவில் ரேபிஸ் வேகமாக மறைய ஆரம்பித்தது. 1994-ல் கால்வாய்ச் சுரங்கப்பாதை திறந்தபோது, வெறி பிடித்த நரி சுரங்கம் வழியாக நடந்து வந்துவிடும் என்று பிரிட்டனில் பயந்தார்கள். மிருகங்களைத் தடுக்கத் தடுப்பு வேலியெல்லாம் அமைத்தார்கள். ஆனால் அதற்குள் எதிர்க்கரையில் வெறி பிடித்த நரியே அரிதாகிவிட்டது.

பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவரின் மனைவி மேரி ஃப்ரெட்வெல், 'செல்லப்பிராணிகளுக்குப் பாஸ்போர்ட்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். ஹாங்காங்கின் கடைசி ஆளுநர் கிறிஸ் பேட்டன் 1997-ல் கொடியை இறக்கிவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய விஸ்கி, சோடா என்ற இரண்டு நாய்களும் (பெயர்ப் பொருத்தம்!) பிரிட்டனுக்கு வராமல் பிரான்ஸுக்குப் போயின. ஒரு ஆளுநராலேயே சட்டத்தை வளைக்க முடியவில்லை என்பது நல்ல விளம்பரமானது. 1998-ல் பேராசிரியர் இயான் கென்னடி தலைமையிலான குழு, தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் போதும் என்று அறிக்கை கொடுத்தது. 2000 பிப்ரவரி 28 அன்று கதவு திறந்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. ஆனால் அந்தக் காத்திருப்பு சொந்த வீட்டில், எஜமானர் காலடியில்! 2012-ல் ஐரோப்பிய நாய்களுக்கு ரத்தப் பரிசோதனையும் போய், ஊசி போட்டு 21 நாள் என்று சுருங்கியது.

பிறகு பிரெக்ஸிட் வந்து எல்லாவற்றையும் கொஞ்சம் குழப்பியது. 2021 ஜனவரி முதல் பிரிட்டனில் வாங்கிய நாய்ப் பாஸ்போர்ட் ஐரோப்பாவில் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் புதுச் சான்றிதழ். 2025 மே மாதம் இரு தரப்பும் பாஸ்போர்ட் முறைக்குத் திரும்ப ஒப்புக்கொண்டன.

இந்தியாவிலிருந்து நாயைக் கூட்டிப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இன்னும் நீளம். பிரிட்டனின் பட்டியலில் இல்லாத நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மைக்ரோசிப், ஊசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 3 மாதம், கடைசியில் நாடாப்புழு மருந்து. விமானத்தில் சரக்காகத்தான் போக முடியும், மடியில் அல்ல. தாள்களில் பிழை இருந்தால் நாலு மாதம் வரை காப்பகம். வால்டர் லாங்கின் கம்பிக் கதவு இன்னும் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

இத்தனையும் தாண்டிப் போனால் லண்டன் நாய்களுக்குச் சுகமான ஊர். பாதாள ரயிலில் நாய்க்கு டிக்கெட் கிடையாது. நகரும் படிக்கட்டில் மட்டும் தூக்கிக்கொள்ள வேண்டும், பாதம் மாட்டிக்கொள்ளும். ('நாயைத் தூக்கிச் செல்லவும்' என்ற பலகையைப் பார்த்து, நாய் இல்லாதவன் என்ன செய்வது என்று கேட்பது அங்கே பழைய ஜோக்.) பல மதுக்கடைகளில் நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். ரிச்மண்ட் பூங்காவில் மட்டும் ஜாக்கிரதை. 2011-ல் ஃபென்டன் என்ற நாய் அங்கே மான் கூட்டத்தையே சாலைக்குத் துரத்தியதும், எஜமானர் பின்னால் கத்திக்கொண்டே ஓடியதும் உலகமே பார்த்த வீடியோ.

ஹைட் பார்க்கின் வடக்கு ஓரத்தில், விக்டோரியா கேட் அருகே, ஒரு குட்டிக் கல்லறைத் தோட்டமும் உண்டு. 1881-ல் செர்ரி என்ற மால்டீஸ் நாயை அது விளையாடித் திரிந்த பூங்காவிலேயே புதைக்க விரும்பி, ஒரு குடும்பம் காவலாளியிடம் கேட்க, அவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள். அருகருகே நெருக்கமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். 1903-ல் இடம் தீர்ந்துபோய் மூடிவிட்டார்கள். அங்கே படுத்திருக்கும் நாய்களில் பலவும் வாய்க்கூடு மாட்டித்தான் அந்தப் பூங்காவில் நடந்திருக்கும்.