டொமைன் விற்கும் கடிதம் பிறந்த கதை

1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்குப் போன் போட்டார். இணையத்தில் உங்கள் பெயரை இன்னும் பதிந்து வைக்கவில்லையே, ஏன் என்று கேட்டார். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே விளங்கவில்லை. குவிட்னர் மெக்டொனால்ட்ஸ் டாட் காம் என்ற பெயரைத் தன் பேரிலேயே பதிந்துகொண்டார். அப்போது பதிவு இலவசம், ஒரு காசு செலவில்லை. பிறகு ‘வயர்ட்’ இதழில் நடந்ததையெல்லாம் எழுதி, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம் என்று வாசகர்களிடமே யோசனை கேட்டார். அதற்குப் பிறகுதான் நிறுவனம் விழித்துக்கொண்டது. புரூக்ளினில் உள்ள ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்ய 3,500 டாலர் கொடுத்துப் பெயரை வாங்கிக்கொண்டது.

டொமைன் வணிகத்தின் முதல் பேரம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ஊருக்கு ஊர் நடக்கும் காரியத்தின் எல்லா அங்கமும் இதில் இருக்கிறது. பெயர் ஒருவர் கையில், அது தேவைப்படுகிறவர் வேறிடத்தில். தேவை இருப்பதே அவருக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்க ஒரு போன் அல்லது ஒரு கடிதம்.

டொமைன் என்ற ஏற்பாடே விற்பனைக்காகப் பிறந்ததல்ல. ஆரம்பத்தில் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழு அதைக் கையால் திருத்திப் பராமரித்து வந்தது. பட்டியல் நீண்டு சமாளிக்க முடியாமல் போகவே, 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் இப்போதுள்ள முறையை வகுத்தார். 1985 மார்ச் 15-ஆம் தேதி சிம்பாலிக்ஸ் டாட் காம் பதிவானது. டாட் காம்களில் அதுதான் மூத்தது. மலேசியாவுக்கு டாட் மை ஒதுக்கப்பட்டது 1987 ஜூன் 8-ஆம் தேதி.

இனி நம் ரவாங்குக்கு வருவோம். மலாயாவிலேயே முதலில் மின்சாரம் கண்ட ஊர் இது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஜெனரேட்டர் வைத்தார்கள். அந்த வேகம் இணையத்தில் பெயர் பதிவதில் இல்லை. டாட் மை பிறந்த காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பலருக்கு வீட்டுப் போனே எட்டாத பொருள்.

டாட் காம் கதைக்குத் திரும்புவோம். 1995 செப்டம்பர் வரை அதன் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அந்த மாதத்திலிருந்து, பதிவை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் ஒரு பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியது. இந்தத் தொழில் எப்போது பிறந்தது என்று கேட்டால் நான் இந்த மாதத்தைத்தான் காட்டுவேன். இலவசமாகக் கிடைத்தபோது பெயர் ஒரு விளையாட்டுச் சாமான். பணம் கட்டியதும் கையில் ரசீது வந்தது, காலாவதித் தேதி வந்தது, போட்ட முதலை எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

பிறந்த குழந்தை நல்ல பிள்ளையாக வளரவில்லை. இல்லினாய்ஸ் மாநிலத்தில் டென்னிஸ் டோப்பன் என்பவர் 1995-இல் பனாவிஷன் டாட் காமைப் பதிந்தார். பனாவிஷன் ஹாலிவுட்டுக்குக் கேமரா கொடுக்கும் கம்பெனி. கம்பெனி ஆட்சேபித்ததும் டோப்பன் 13,000 டாலர் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றத்துக்குப் போவதைவிட இது மலிவு என்ற தொனி அதில் இருந்தது. அந்தத் தளத்தில் அவர் போட்டிருந்தது பானா என்ற சிற்றூரின் படங்கள். பனாவிஷன் என்றால் பானாவின் காட்சி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா! இவரிடம் விமான நிறுவனங்களின் பெயர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெயரைப் பதிந்ததற்காக மட்டும் அவர் மாட்டவில்லை. விலை கேட்டு எழுதிய அந்தக் கடிதமே, இவர் பெயரை வணிகத்துக்குத்தான் பயன்படுத்துகிறார் என்பதற்குச் சாட்சியாக நின்றது.

மறு ஆண்டே, 1999-இல், அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. உலக அளவில் டொமைன்களைக் கண்காணிக்கும் ஐகான் அமைப்பும் தகராறு தீர்க்கும் விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு முத்திரைப் பெயரை அதன் சொந்தக்காரருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ செலவான தொகைக்கு மேல் விற்பதற்கென்றே பதிந்திருந்தால், அது கெட்ட எண்ணத்தின் அடையாளம் என்கிறது அந்த விதி. ஆகவே விற்க எழுதும் கடிதம் வியாபாரமா வழிப்பறியா என்பது கடிதத்தின் மரியாதையைப் பொறுத்ததல்ல. யாருடைய பெயரை யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் மலேசியாவில் இதற்கு நல்ல சான்று எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ். அந்தப் பெயரை ஒட்டிய டொமைன்களைத் தன் பேரில் பதிந்த ஒருவருக்கு எதிராக 2003-இல் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. டாட் மை பெயர்களுக்குத் தனித் தகராறு விதிகள் உண்டு. கோலாலம்பூரில் உள்ள நடுவர் மையம் அவற்றை விசாரிக்கிறது. 2018 முதல் அதற்கு ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர்.

நேர்வழியில் போனவர்களுக்கும் பணம் வந்தது. பிசினஸ் டாட் காம் 1997-இல் 1,50,000 டாலருக்கு விலைபோனது. இரண்டே ஆண்டில் அதே பெயர் 75 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 1999 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே, மும்பையில் ராஜேஷ் ஜெயின் நடத்திய இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய் பேசி வாங்கியது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்று எளிய சொற்களில் இருந்த தளங்கள் அவை. செய்தி, தேடல், விளையாட்டு, சமையல். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத சொற்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தனை கோடி கொடுத்துப் பெயர் வாங்கிய அதே சத்யம் இன்ஃபோவே, தன் ‘சிஃபி’ என்ற பெயரைக் காக்க ‘சிஃபிநெட்’ என்ற பெயரைப் பதிந்தவர்மேல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2004 மே மாதம் சொன்னது அந்த வழக்கில்தான்.

அதன்பின் சில ஆண்டுகள் பெயர் வைத்திருந்தவர்கள் யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லாமல் இருந்தது. காலிப் பெயரில் விளம்பரங்களைத் தொங்கவிட்டால், தவறியும் தேடியும் வந்தவர்கள் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் சில்லறை விழுந்தது. செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் பெயரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் முடிந்தது. பிறகு மக்கள் முகவரியைத் தட்டுவதை விட்டு கூகுளில் தேடப் பழகினார்கள். சில்லறை வற்றியது. ஆண்டுக் கட்டணம் மட்டும் வற்றவில்லை. உட்கார்ந்து விற்றவர்கள் எழுந்து நடக்க வேண்டியதாயிற்று. வாங்குபவரைத் தேடிப்போகும் இன்றைய வேலை இந்த நெருக்கடியில் பிறந்தது.

சரி, ரவாங்கில் இதை எப்படிச் செய்வது? எடுத்துக்காட்டுக்கு மட்டும், ‘ரவாங் ஏர்கோன்’ என்ற சொற்கள் சேர்ந்த ஒரு டாட் மை பெயர் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுங்கை சோவிலிருந்து செரண்டா வரை, குண்டாங் பக்கமும், தாமான்கள் பெருகிவிட்டன. வீட்டுக்கு வீடு ஏர்கோன். இதை யார் வாங்குவார்? முதலில் அந்தச் சொற்களைக் கூகுளில் தட்டிப் பாருங்கள். மேலே காசு கொடுத்து விளம்பரம் போட்டிருப்பவர் முதல் ஆள். வாடிக்கையாளருக்காக அவர் ஏற்கெனவே பணம் செலவழிக்கிறார், அவரிடம் பயனைப் புதிதாக விளக்க வேண்டாம். அடுத்தவர், நீளமான, எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டிய முகவரி வைத்திருப்பவர். மூன்றாவது, வேனின் பக்கவாட்டில் கம்பெனி பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் மட்டும் எழுதி ஓடுபவர். இவரை ரவாங் பாசார் பக்கம் ஒரு காலை நின்றாலே பிடித்துவிடலாம். முன்பெல்லாம் ஹூஇஸ் என்ற உரிமையாளர் பதிவேட்டில் பார்த்து, ஒத்த பெயர்களை யார் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பார்கள். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது.

அமெரிக்கக்காரர்கள் நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பு, இரண்டு பேர் பதில் போடுவார்கள் என்பார்கள். இங்கே அது எடுபடாது. மோசடிச் செய்திகளால் நொந்துபோன நாடு இது. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தால் முதல் பதில், “என்ன தம்பி, ஸ்கேமா?” என்பதாகத்தான் இருக்கும். நேரில் போவதே மேல். போகுமுன் அனுப்பும் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

“வணக்கம் அண்ணே. நான் ரவாங்கில்தான் இருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஏர்கோனும் சேர்ந்த ஒரு டாட் மை முகவரி என் பேரில் இருக்கிறது. உங்கள் வேனில் போன் நம்பர் மட்டும் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் இதையும் எழுதினால் ஆட்கள் மறக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வேண்டுமென்றால் சனிக்கிழமை கடைக்கு வருகிறேன். வேண்டாமென்றால் இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.”

இதில் மிரட்டல் இல்லை, ‘இன்றே கடைசி நாள்’ இல்லை, ‘உங்கள் போட்டியாளரும் கேட்கிறார்’ என்ற பழைய பொய்யும் இல்லை. விலையை அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். சிற்றூர்ச் சேவைக்கான பெயருக்குச் சில நூறு ரிங்கிட் நியாயம் என்பது என் கணிப்பு. ஒரே ஒரு புது வாடிக்கையாளர் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று அவருக்குத் தோன்றினால் பேரம் முடிந்தது. தொகை பெரிதாக இருந்தால் நடுவில் எஸ்க்ரோ வைத்துக்கொள்ளுங்கள். பணம் மூன்றாமவர் கையில் இருக்கும், பெயர் மாறிய பிறகுதான் விற்றவருக்கு வரும். ரவாங்கில் தே தாரேக் குடித்துக்கொண்டே இருவரும் பதிவாளர் தளத்தில் மாற்றி முடிப்பதும் உண்டு. அதிலும் தவறில்லை, பேர் மாறியதைத் திரையில் பார்த்த பிறகு பணம் கொடுத்தால் சரி.

ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் விற்பது கிராண்ட் போட்ட நிலத்தை அல்ல, ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டிப் புதுப்பிக்கும் உரிமையை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் இருந்துவிட்டு, தோட்டம் கைமாறியதும் வீட்டுக்கு அலைந்தவர்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் எத்தனையோ பேர். குடியிருப்பதற்கும் சொந்தமாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலாவதித் தேதியை வாங்குபவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் பதிந்து விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று மூன்று நாடுகளின் முகவரி முடிவுகள் தமிழில் இருக்கின்றன. மலேசியாவுக்கு ஜாவியில் உண்டு, தமிழில் இல்லை. வாங்க ஆள் குறைவு என்பதால் வியாபாரமாக இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆசைக்குப் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஜியோஹாட்ஸ்டார் கதை. டெல்லி இளைஞர் ஒருவர், ரிலையன்ஸின் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒருநாள் சேரும் என்று ஊகித்து 2023-இல் ஜியோஹாட்ஸ்டார் டாட் காமைப் பதிந்தார். 2024-இல் சேர்க்கை உறுதியானதும், கேம்பிரிட்ஜில் படிக்கப் பணம் கொடுத்தால் பெயரைத் தருகிறேன் என்று அந்தத் தளத்திலேயே கடிதம் போட்டார். கேட்டது 93,345 பவுண்டு. ஊகம் அபாரம், கடிதம் பணிவு, காரணம் உருக்கம். ரிலையன்ஸ் மறுத்துவிட்டது. வழக்குப் பேச்சும் எழுந்தது. பெயர் பிறகு துபாயில் இருந்த இரண்டு சிறுவர்கள் கைக்குப் போனது. நிறுவனம் 2025 பிப்ரவரி 14-இல் ஜியோஹாட்ஸ்டாரைத் தொடங்கியபோது ஹாட்ஸ்டார் டாட் காம் என்ற தன் பழைய முகவரியிலேயே நடத்தியது. பனாவிஷன் கடிதத்துக்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு. விடை மாறவில்லை.

ரவாங்காரர்களுக்கு இந்தச் சபலம் மிக அருகிலேயே இருக்கிறது. பெரோடுவா தலைமையகம் சுங்கை சோவில். வரப்போகும் காரின் பெயர் இதுதானாம் என்று கடையில் யாராவது கிசுகிசுப்பார்கள். அதைப் பதியாதீர்கள். அதற்குப் பதில் உங்கள் கடையின் பெயரோ மாமாவின் கேட்டரிங் பெயரோ டாட் மையில் இன்னும் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் ஓர் ஆண்டுக் கட்டணத்தோடு முடியும். இல்லையென்றால் கடிதம் எழுத வேண்டியவர் நீங்கள்தான்.