பத்து சென்ட் பாட்டுப் பெட்டி

சிகாகோவில் மில்ஸ் நாவல்ட்டி என்றொரு கம்பெனி இருந்தது. காசு போட்டால் இயங்கும் பெட்டிகளைச் செய்வதுதான் அதன் பிழைப்பு. சூதாட்டப் பெட்டி செய்தது. தானாகவே வயலின் வாசிக்கும் பெட்டியும் செய்தது. 1940இல் அது அறிமுகப்படுத்திய புதுச் சரக்கின் பெயர் பனோரம். ஆளை மிஞ்சும் உயரம், பளபளக்கும் மரவேலைப்பாடு, மேல்பாதியில் ஒரு திரை. பத்து சென்ட் நாணயத்தைப் போட்டால் மூன்று நிமிடப் பாட்டொன்று, பாடுகிறவரின் முகத்தோடு ஓடும். அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸும் இந்த வியாபாரத்தில் கூட்டாளி.

எம்டிவி என்ற பாட்டுச் சேனல் பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. ஆனால் பாட்டுக்குப் படம் காட்டும் யோசனை பனோரமுக்கும் மூத்தது.

1894இல் நியூயார்க்கில் எட்வர்டு மார்க்ஸ், ஜோசப் ஸ்டெர்ன் என்ற இருவர் பாட்டுப் பதிப்பகம் தொடங்கினார்கள். முன்னவர் பொத்தான் விற்றவர், பின்னவர் கழுத்துப்பட்டி விற்றவர். கிராமபோன் வீட்டுக்கு வீடு வராத காலம் அது. பாட்டு என்றால் பியானோ வைத்திருப்பவர்கள் வாங்கும் இசைக்குறிப்புத் தாள்தான். இவர்கள் வெளியிட்ட 'தி லிட்டில் லாஸ்ட் சைல்டு' பாட்டில் ஒரு போலீஸ்காரர் வழிதவறிய சிறுமியைக் கண்டெடுக்கிறார். கடைசியில் அவள் அவருடைய சொந்த மகள். நம்மூர் மசாலாப் படத்துக்கும் பொருந்தும் கதை. ஜார்ஜ் தாமஸ் என்ற நாடக அரங்கு மின்பணியாளர், ஆட்களை நடிக்கவைத்து இந்தக் கதையைப் புகைப்படங்களாக எடுத்து, கண்ணாடி ஸ்லைடுகளாக்கினார். மேடையில் பாடகர் பாடப்பாட, பின்னால் திரையில் படங்கள் மாறின. இசைத்தாள் பிய்த்துக்கொண்டு விற்றது. பிறகு இந்தப் 'படப் பாட்டு' சின்னத் திரையரங்குகளுக்கும் பரவியது. ஆபரேட்டர் ரீல் மாற்றும் இடைவெளியில் ஜனங்களை உட்காரவைக்க இதைவிடத் தோதான சரக்கு வேறில்லை.

படம் அசையத் தொடங்கியபோது பாரிஸ் முந்திக்கொண்டது. கோமோன் நிறுவனத்தில் இயக்குநராக இருந்த அலிஸ் கீ, 1900களின் தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட 'ஃபோனோசீன்' படங்களை எடுத்தார். முதலில் பாட்டை இசைத்தட்டில் பதிவார்கள். பிறகு பாடகர் அந்தத் தட்டைக் கேட்டபடி கேமரா முன் வாயசைப்பார். அரங்கில் தட்டையும் படத்தையும் ஒன்றாக ஓட்டுவார்கள். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வாயசைப்பு ஒரு தொழிலாகிவிட்டது.

பனோரமில் ஓடிய 'சவுண்டி' படங்களும் இதே முறையில் தயாரானவைதான்: பாட்டு முதலில், படம் பிறகு. பெட்டிக்குள் 16 எம்.எம். புரொஜெக்டர் ஒன்று இருந்தது. இடம் போதாததால் கண்ணாடிகளில் ஒளியைத் திருப்பித்தான் திரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடியில் இடம் வலமாகிவிடும் என்பதால் படச்சுருளையே இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். அந்தப் பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் மாட்டினால் தலைப்பு எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும்.

ஒரு சுருளில் எட்டுப் படங்கள், நுனியும் அடியும் ஒட்டிய வளையமாக. இங்கேதான் சிக்கல். ஜூக்பாக்ஸில் பிடித்த பாட்டைத் தேர்ந்து பொத்தானை அழுத்தலாம். பனோரமில் அது முடியாது. அடுத்து எது நிற்கிறதோ அதுதான் ஓடும். ஐந்தாவது பாட்டு வேண்டுமென்றால் முதல் நான்குக்கும் காசு அழ வேண்டும்.

அப்படியும் மதுக்கடை, ஹோட்டல், ரயில் நிலையம் என்று பெட்டிகள் பரவின. 1947 வரை 1,800க்கும் மேற்பட்ட சவுண்டிகள் வெளிவந்தன. டியூக் எலிங்டன், ஃபேட்ஸ் வாலர், நாட் கிங் கோல், டோரத்தி டான்ட்ரிட்ஜ் எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். ஹாலிவுட் கறுப்பினக் கலைஞர்களுக்கு வேலைக்காரர் வேடத்துக்கு மேல் அதிகம் தராத நாளில், இந்த மூன்று நிமிடங்களில் அவர்கள்தான் நாயகர்கள். போர் வந்ததும் உலோகமும் தொழிற்சாலையும் ராணுவத்துக்குப் போயின; புதிய பெட்டிகள் நின்றன. போர் முடிந்தபோது தொலைக்காட்சி வாசலில் நின்றது.

தேர்வுச் சிக்கலைத் தீர்த்தது பிரான்ஸ். 1960இல் வந்த ஸ்கோப்பிடோன் பெட்டியில் 36 படங்கள், வண்ணத்தில். வேண்டியதை அழுத்திப் பார்க்கலாம். பிரான்சுவாஸ் ஆர்டியும் ஜானி அலிடேயும் காபிக்கடைச் சுவர்களில் பாடினார்கள். பின்னாளில் 'ஒரு மனிதன், ஒரு பெண்' படத்தால் உலகப் புகழ் பெற்ற கிளோத் லெலூஷ் இந்தப் படங்களை இயக்கியே கை பழகினார். வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கூடும் கடைகளில் அரபிப் பாட்டுகளும் ஓடின. அமெரிக்காவுக்கு 1964இல் போன ஸ்கோப்பிடோன் அங்கே சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது.

அதற்குள் பெட்டியின் வேலையைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவுக்கு ஊர் ஊராகத் தொலைக்காட்சி நிலையம் ஏறி இறங்க நேரமில்லை. 1965 நவம்பர் 23 அன்று டுவிக்கன்ஹாம் ஸ்டூடியோவில் ஒரே நாளில் ஐந்து பாட்டுகளுக்குப் பத்துப் படங்கள் எடுத்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். மறுவருடம் மே மாதம் லண்டனின் சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்தில் இயக்குநர் மைக்கேல் லிண்ட்ஸே ஹாக் பீட்டில்ஸைப் படமெடுத்தார்.

1975இல் குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி' ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு. அடுக்கடுக்காகப் பதிந்த அதன் கூட்டுக்குரல்களை டிவி மேடையில் நிகழ்த்திக்காட்டுவது பெரும்பாடு. புரூஸ் கவர்ஸ் இயக்கத்தில், சினிமாச் சுருளை விட்டு வீடியோ டேப்பில், சில மணி நேரத்தில் படம் முடிந்தது. செலவு சுமார் 4,500 பவுண்டு. பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டோடு படமும் எடுப்பது அவர்களுக்கு விளம்பரச் செலவாயிற்று.

அந்த விளம்பரப் படங்களை வைத்தே ஒரு சேனலை ஓட்ட முடியும் என்று கணக்குப் போட்டதுதான் எம்டிவி. சரக்கு இலவசம், கையிருப்பு சில நூறு வீடியோக்கள், அவற்றில் பிரிட்டிஷ் குழுக்களே அதிகம். இப்போது காசு போட வேண்டாம், ஆனால் பனோரமின் பழைய விதி திரும்பி வந்தது: எது வருகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் பகிள்ஸ் குழுவின் பாட்டோடு ஒளிபரப்பு தொடங்கியது. மன்ஹாட்டன் கேபிளில் அந்தச் சேனல் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் எம்டிவியை உருவாக்கியவர்கள் ஆற்றைக் கடந்து நியூஜெர்சியின் ஃபோர்ட் லீக்குப் போய், அங்கே ஒரு உணவகத்தில் கூட்டமாக நின்று தங்கள் சேனலின் முதல் பாட்டைப் பார்த்தார்கள்.